மழைமறைவில் ஒரு வேளாண்மை: அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கு

அஞ்சுநாடு, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்த பள்ளத்தாக்கு. மேற்கே ஆனைமுடியும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் புல்வெளிகளும். வடக்கே சின்னாறு காட்டுயிர்ச் சரணாலயமும் அதை அடுத்துத் தமிழ்நாட்டின் ஆனைமலைக் காடுகளும். கிழக்கே கொடைக்கானலின் மேல்மலைக் கிராமங்கள். மறையூர், காந்தலூர், வட்டவடை ஆகிய மூன்று ஊராட்சிகளில் இன்று இப்பகுதி அடங்குகிறது. ஐந்து நாடுகள் எவை என்பதில் பட்டியல்கள் ஒத்துப்போவதில்லை. ஊர்வழக்கில் மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தலூர், கொட்டகுடி என்பார்கள். வருவாய்த்துறைக் கணக்கில் வட்டவடையும் கொட்டாக்கொம்பூரும் சேர்ந்துவரும். பயிர், நீர், காடு என்று பார்க்கும்போது இவை எல்லாமே பாம்பாற்றுப் படுகையின் ஒரே வேளாண் வட்டாரம்தான்.

இந்த வட்டாரத்தின் விவசாயத்தை விளங்கிக்கொள்ள முதலில் பார்க்க வேண்டியது மழை. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் ஈரத்தை மூணாறு மலைகள் மறித்துக்கொள்கின்றன. மூணாறில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கிருந்து சாலைவழி ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உள்ள மறையூரில் மழை பாதியாகிவிடும். இன்னும் கீழே சின்னாற்றில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். அதுவும் ஐம்பது நாட்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. கேரளம் முழுக்க ஆனி, ஆடியில் நனைந்துகிடக்கும்போது இங்கே சாரலும் காற்றும் மட்டும் இருக்கும். உழவர்கள் எதிர்பார்ப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான். பருவக் கணக்கில் அஞ்சுநாடு உடுமலைப்பேட்டையோடும் பழனியோடும் சேர்ந்தது. நிர்வாகம் மட்டும் மேற்கே இருக்கிறது.

உயரமும் மழைக்கு நிகராக முக்கியம். மறையூர் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காந்தலூர் 1500 மீட்டரைத் தொடுகிறது. வட்டவடையின் மேல்நிலங்கள் அதற்கும் மேலே போகின்றன. மறையூரின் வெதுவெதுப்பில் கரும்பு விளைகிறது. மேலே குளிரில் பூண்டும் கேரட்டும் முட்டைக்கோசும் விளைகின்றன. கீழே சின்னாற்று ஓரத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில் கேழ்வரகும் எலுமிச்சைப்புல்லும். ஒரு நாளில் வண்டியில் சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள் இத்தனை வேறுபாடு.

குடியேற்றம் மிகப் பழையது. மறையூரைச் சுற்றிய பாறைகளில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. மக்கள் அவற்றை முனியறை என்கிறார்கள். பாறை ஓவியங்களும் உண்டு. இன்றுள்ள உழவர் குடிகள் அந்தக் காலத்தவர்களின் நேர் வாரிசுகள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அஞ்சுநாட்டு வேளாளர் தங்களை மதுரைச் சீமையிலிருந்து, அங்கே ஏற்பட்ட அரசியல் குழப்பங்களின்போது மலையேறியவர்களாகச் சொல்லிக்கொள்கிறார்கள். முதுவர் பழங்குடியினரின் வாய்மொழியும் மதுரையைத்தான் சுட்டுகிறது. மலைப்புலையர் இவர்களுக்கும் முந்தியவர்களாகக் கருதப்படுகிறார்கள். வீட்டுமொழி இன்றும் பெரும்பாலும் தமிழே. இருபதாம் நூற்றாண்டில் கேரளத்தின் மேற்குப் பகுதியிலிருந்தும் தமிழ்நாட்டின் சமவெளியிலிருந்தும் வந்தவர்கள் இவர்களோடு சேர்ந்தார்கள்.

1877-இல் பூஞ்சாறு அரச குடும்பம் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கொடுத்த குத்தகையில் இம்மலை ‘கண்ணன் தேவன் அஞ்சனாட்டு மலை’ என்றே குறிக்கப்பட்டது. மூணாறின் தேயிலைத் தோட்டங்கள் அந்தக் குத்தகையிலிருந்து முளைத்தவை. ஆனாலும் தேயிலை தலையாறு தோட்டத்தோடு நின்றுவிட்டது. மழைமறைவுச் சரிவில் தேயிலைக்கு வேண்டிய ஈரம் இல்லை. அஞ்சுநாட்டின் அடுக்கு வயல்கள் சிறு உழவர் கையிலேயே தங்கியதற்கு எந்தச் சட்டத்தையும் விட இந்த வறட்சியே பெரிய காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது. மூணாறில் தொழிலாளி கூலிக்கு இலை பறித்த அதே நூற்றாண்டில், மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வைத்திருந்தவர் தன் நிலத்தைத் தானே உழுதார்.

பழைய பயிர்முறை வீட்டுத் தேவையைச் சுற்றி அமைந்திருந்தது. ஓடை நீர் பாயும் பள்ள நிலங்களில் கல்கட்டு வைத்து அடுக்கடுக்காக நெல் வயல்கள். மேட்டு நிலங்களில் கேழ்வரகு, சாமை, அவரை வகைகள். வட்டவடைப் பக்கம் கோதுமை. கேரளத்தில் கோதுமை விளைந்த ஊர் என்ற பெயர் வட்டவடைக்கு இன்றும் உண்டு, பயிரே அரிதாகிவிட்ட பிறகும். உழவுக்கு மாடு, சுமைக்குக் கழுதையும் மட்டக் குதிரையும், உரத்துக்குத் தொழு எரு. முதுவர்கள் காட்டில் ஒரு துண்டைத் திருத்தி எரித்துக் கேழ்வரகு விதைத்து, சில போகம் கழித்து அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு அடுத்த துண்டுக்கு நகர்ந்தார்கள். காடு வனத்துறையின் கையில் எல்லை குறிக்கப்பட்ட பிறகு அந்த நகர்வு நின்றது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் விதைக்க வேண்டிய நிலை வந்ததும் விளைச்சல் சரிந்தது. அதன் பின்னால் விதைகளும் கைநழுவின.

நெல் பின்வாங்கிய வயல்களில் மறையூர்ப் பகுதியில் கரும்பு ஏறியது. மலைமேல் கரும்பு என்பது கேட்க விந்தையாக இருக்கலாம். கணக்குப் போட்டால் விந்தை இல்லை. நெல்லுக்கு நாற்று, நடவு, களை, அறுப்பு என்று குறிப்பிட்ட சில நாட்களில் நிறைய ஆட்கள் வேண்டும். கரும்புக்குக் கரணை ஊன்றிய பின் களையெடுப்பு, மண் அணைப்பு, சோகை உரிப்பு எல்லாம் நாள் தள்ளியும் செய்யலாம். வெட்டிய பின் கட்டைக்கரும்பாக விட்டால் மறுபடி நடவுச் செலவும் இல்லை. சமவெளியைப் போலக் கொளுத்தும் கோடை இல்லாததால் ஆண்டின் எந்த மாதத்திலும் ஊன்றலாம், எந்த மாதத்திலும் வெட்டலாம். அதனால் மறையூரின் வெல்ல ஆலைகள் பருவம் பார்த்து மூடப்படுவதில்லை.

கரும்பை இங்கேயே வெல்லமாக்குவதற்குக் காரணம் எடைதான். உடுமலை அருகே கிருஷ்ணாபுரத்தில் அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆனால் மலைச்சாலையில் கரும்புச் சுமையை அவ்வளவு தூரம் இறக்குவது கட்டுப்படியாகாது. பத்துக் கிலோ கரும்பைக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ வெல்லம். வயலோரத்திலேயே காய்ச்சிவிட்டால் கீழே இறங்க வேண்டியது பத்தில் ஒரு பங்கு எடை மட்டும். அதுவும் ஒரு வாரம் தாமதமானால் அழுகிப்போகாத சரக்கு.

மறையூரின் ஆலைக்கொட்டகை என்பது ஓலையோ தகரமோ வேய்ந்த திறந்த கூரை. ஒரு ஓரத்தில் சாறு பிழியும் இயந்திரம், நடுவில் தரையைத் தோண்டிக் கட்டிய அடுப்பு, அதன்மேல் அகன்ற கொப்பரை. வடிகட்டிய சாறு கொப்பரையில் சூடேறும்போது கரும்பழுப்பு நுரையாக அழுக்கு மேலே வரும். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நன்றாகத் திரண்டு பிரியும். நீண்ட கைப்பிடி வைத்த துளைக்கரண்டியால் ஒருவர் அதை அள்ளி வெளியே போட்டுக்கொண்டே இருப்பார். அடுப்பின் வாயருகே இன்னொருவர் உட்கார்ந்து காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டிருப்பார். தீ ஒரே சீராக எரிய வேண்டும்; கூடினால் பாகு அடிபிடிக்கும், குறைந்தால் நேரமாகிச் சர்க்கரை கெடும். மூன்று, நான்கு மணி நேரம் கொதித்துப் பாகு தடித்து, குமிழ்கள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கத் தொடங்கும்போது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார்கள். கையில் உருட்டினால் உருளும் பதம் வந்ததும் கொப்பரையைச் சாய்த்து மரத்தொட்டியில் ஊற்றி, மரத்துடுப்பால் கிளறி ஆற்றுவார்கள். கை பொறுக்கும் சூட்டில் அள்ளி உருண்டை பிடிப்பார்கள். மறையூர் வெல்லத்தின் மேல் விரல் பதிந்த தடம் இருக்கும். அச்சில் வார்த்த வெல்லத்துக்கு அந்தத் தடம் வராது.

இந்தக் கொட்டகைக்கு விறகு வேண்டியதில்லை என்பது கவனிக்கத்தக்கது. பிழிந்த சக்கையே அடுத்த கொப்பரைக்கு எரிபொருள். நாலாபுறமும் சந்தனக்காடும் சரணாலயமும் சூழ்ந்த இடத்தில், காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட எடுக்காமல் நடக்கும் ஒரு கொதிகலன் தொழில் இத்தனை காலம் நீடித்ததற்கு இது ஒரு காரணம். சக்கை காய வெயில் வேண்டும். விடாமல் மழை பிடித்தால் ஆலை நின்றுவிடும், அவ்வளவுதான்.

நிறத்தில் மறையூர் வெல்லம் கரும்பழுப்பு. சமவெளியில் வெல்லத்தை மஞ்சளாக்க ‘ஹைட்ராஸ்’ என்ற சோடியம் ஹைட்ரோசல்பைட் போடும் வழக்கம் பரவியபோது, இங்கே அதைப் பெரும்பாலும் தொடவில்லை. சுவையில் உப்புக் கரிப்பு இல்லை. பாயசத்துக்கும் அரவணைக்கும் ஏற்ற வெல்லம் என்று கேரளச் சமையல்காரர்கள் இதை மதிப்பார்கள். 2019 மார்ச்சில் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது.

குறியீடு பெயரைக் காத்ததே தவிர, விலையைக் காக்கவில்லை. மறையூர் என்ற பெயருக்குக் கேரளச் சந்தையில் கூடுதல் விலை உண்டு என்று தெரிந்ததும், சமவெளியில் செய்த மலிவான வெல்லம் மலையேறிவந்து மறையூர்ப் பெயரில் சாலையோரக் கடைகளில் விற்கத் தொடங்கியது. நிறம் பார்த்து வாங்கும் பயணிக்கு வேறுபாடு தெரியாது. விலை விழும்போது விழுவது உண்மையான வெல்லத்தின் விலை. ஏனென்றால் போலிக்குச் செலவு குறைவு. சிறு உழவர் பலருக்குச் சொந்த ஆலை கிடையாது. நிற்கும் கரும்பை ஆலைக்காரரிடம் விலைபேசி விட்டுவிடுகிறார்கள், அல்லது ஆலையை வாடகைக்கு எடுத்துக் காய்ச்சுகிறார்கள். வெட்டவும் காய்ச்சவும் பழகிய கைகளுக்குக் கூலி ஏறிவிட்டது. குறியீட்டால் வரக்கூடிய கூடுதல் பணம் வயல்வரை வந்து சேர்வதற்குள் வியாபாரியிடமும் ஆலையிடமும் கரைந்துவிடுகிறது. ஒரு பொருளுக்கு முத்திரை கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்ததென்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மறையூர் நல்ல எடுத்துக்காட்டு. சோதனை, சிப்பமிடல், நேரடி விற்பனை என்ற அடுத்த கட்டம் நொண்டிக்கொண்டிருக்கிறது. கரும்பை விட்டு வெளியேறுபவர்கள் காத்திருக்கவில்லை.

காந்தலூரிலும் வட்டவடையிலும் கதை வேறு. அங்கே காய்கறிதான் எல்லாம். கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு. நிலம் படிப்படியாக இறங்கும். ஒரு படியில் டிராக்டர் திரும்ப இடமிருக்காது. மண்வெட்டியும் மாடும் சிறிய பவர் டில்லரும்தான் உழவுக் கருவிகள். கேரளத்தின் ஓணச் சந்தைக்குப் பச்சைக்காய் அனுப்பும் பகுதி என்பதால், ஆவணியில் அறுவடை வருமாறு வைகாசி, ஆனியில் விதைப்பது வழக்கமாகிவிட்டது. எல்லோரும் ஒரே வாரத்துக்குக் குறிவைப்பதால் ஓணத்துக்கு முன் நல்ல விலை, ஓணம் கழிந்த மறுவாரம் வண்டி வாடகைக்கும் காணாத விலை. மாநில அரசு நிறுவனம் கொள்முதல் செய்கிறது. ஆனால் பணம் வந்துசேர மாதக்கணக்கில் ஆகிறது என்ற புகார் ஓணம்தோறும் எழுகிறது. தமிழ்நாட்டு மண்டி வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்பார், ஆனால் கையில் காசு தருவார். அதற்கும் முன்பே விதைக்கும் உரத்துக்கும் அவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால், சரக்கு அவருக்குத்தான் போயாக வேண்டும். முன்பணம் என்பது வட்டி எழுதாத கடன். வட்டி விலையில் கழிந்துவிடும்.

பூண்டு இந்த வலையில் கொஞ்சம் தப்பிய பயிர். முட்டைக்கோஸை வெட்டிய அன்றே விற்றாக வேண்டும். பூண்டைப் பிடுங்கி, தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும் உத்தரத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். விலை ஏறும்வரை காத்திருக்கும் வசதி சிறு உழவருக்குத் தரும் பயிர் இங்கே வேறு இல்லை. பல் சிறியது, காரமும் எண்ணெய்ப் பசையும் அதிகம். மருந்துக்கென்று தேடி வாங்குவோர் உண்டு. காந்தலூர்-வட்டவடைப் பூண்டுக்கு 2022-இன் இறுதியில் புவிசார் குறியீடு அறிவிக்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இலேயே அதைப் பெற்றுவிட்டது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு விளையும் ஊர்களுக்கும் வட்டவடைக்கும் நடுவே இருப்பது ஒரு மலைமுகடும் மாநில எல்லையும் மட்டுமே. மண்ணும் குளிரும் ஒன்று, விதைப்பூண்டு பல தலைமுறையாக இரு பக்கமும் கைமாறியது, சரக்கு பெரும்பாலும் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தையில் சேர்கிறது. குறியீடுகள் மட்டும் இரண்டு. நிலவியல் எல்லையைவிட அரசியல் எல்லையைப் பின்பற்றும் குறியீட்டு முறை இது என்பதை மறுக்க முடியாது.

பழங்களும் இருக்கின்றன. கேரளத்தில் ஆப்பிள் காய்க்கும் ஊர் என்று காந்தலூர் பெயரெடுத்தது, வட்டவடையில் ஸ்ட்ராபெரி. இவை சந்தைக்குப் போவதைவிடச் சுற்றுலாப் பயணி தோட்டத்தில் நின்று வாங்குவது அதிகம். 2023-இல் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான தங்க விருது காந்தலூருக்குக் கிடைத்தது. அதன் பிறகு நிலத்தின் விலை பயிரைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை, காட்சியைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது.

வட்டவடையின் மேல்சரிவுகளைக் கெடுத்தது வேறொரு மரம். காய்கறி விலை நிலையில்லாமல், ஆள் கிடைக்காமல், காட்டெருமையும் பன்றியும் விளைந்ததை மேய்ந்துவிட்ட நிலங்களில் உழவர்கள் தைலமரத்தை நட்டார்கள். நட்டபின் ஆள் வேண்டாம், விலங்கு தொடாது, எட்டுப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் வந்து வெட்டிப் பணம் கொடுப்பார், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். இலையைக் காய்ச்சினால் எண்ணெய். பயிர் செய்ய முடியாமல் போனாலும் நிலத்தை விட மனம் வராத உழவரின் முடிவு அது. அந்த நிலையில் அது அறிவுள்ள முடிவும்கூட. விளைவு கீழே தெரிந்தது. சரிவின் அடிவாரத்தில் இருந்த ஊற்றுகள் வற்றின, ஓடைகள் கோடைக்கு முன்பே மெலிந்தன, கீழ்ப்படி வயல்காரர்களுக்குப் பாசனம் குறைந்தது. ஒருவரின் பட்டா நிலத்து மரம் இன்னொருவரின் நீரைக் குடிக்கும்போது அதைக் கேட்க ஊர்க்கூட்டத்துக்கும் அதிகாரம் இல்லை. அந்நிய மரங்களைப் படிப்படியாக அகற்றி இயற்கைக் காட்டை மீட்கும் கொள்கையைக் கேரள அரசு 2021-இல் ஏற்றது. அது வனநிலத்துக்கு மட்டும்; தனியார் சரிவுகளில் நிற்கும் மரங்களுக்கு மாற்று வருமானம் காட்டாமல் உத்தரவு மட்டும் போட்டுப் பயனில்லை.

இதே சரிவுகளில்தான் குறிஞ்சி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காக 2006-இல் வட்டவடை, கொட்டாக்கொம்பூர்ப் பகுதியில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தது. அறிவித்த எல்லைக்குள் தலைமுறையாகப் பயிரிட்ட நிலங்களும் வந்துவிட்டன. பின்னாளில் ஆவணம் உருவாக்கிப் பிடித்த நிலங்களும் வந்துவிட்டன. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் நில அளவையும் உரிமைத் தீர்வும் அறிவிப்புக்குப் பின் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. இதற்குள் அடிபட்டவர் பழைய சிறு உழவரே. பட்டா தெளிவில்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, பயிர்க் காப்பீடும் கடினம். முன்பணக்காரரிடம் போவதைத் தவிர வழியில்லை.

இப்பள்ளத்தாக்கில் எந்த வயலிலிருந்து பார்த்தாலும் காடு தெரியும். சின்னாறு சரணாலயம் 1984-இல் 90 சதுர கிலோமீட்டரில் அமைக்கப்பட்டது. 2003-இல் ஆனைமுடிச் சோலை, பாம்பாடும் சோலை ஆகிய சிறிய தேசியப் பூங்காக்கள் வந்தன. மறையூரில் இயற்கையாக வளர்ந்த சந்தனக்காடு வேலிக்குள் இருக்கிறது. மரங்களை வனத்துறை இரவும் பகலும் காக்கிறது, பட்டுப்போன மரங்கள் கிடங்குக்கு வந்து மின்னணு ஏலத்தில் போகின்றன. சந்தனம் அயல் மரங்களின் வேரிலிருந்து உணவின் ஒரு பகுதியை எடுத்து வாழும் அரை ஒட்டுண்ணி. தோட்டத்து ஓரத்திலும் வீட்டு முற்றத்திலும்கூடத் தானே முளைக்கும். ஆனால் தன் நிலத்து மரமானாலும் உழவர் தானாக வெட்டி விற்க முடியாது. வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். திருட்டுக்கும் விசாரணைக்கும் பயந்து, முளைத்த கன்றைப் பிடுங்கி எறிவதே மேல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சந்தனத்துக்கு வேலி இருக்கிறது, கரும்புக்கு இல்லை. யானைக்குக் கரும்பும் வாழையும் எளிதில் கிடைக்கும் இனிப்பான தீனி. காட்டெருமை பீன்ஸ் பாத்திகளில் மேய்கிறது, பன்றி உருளைக்கிழங்கைத் தோண்டுகிறது, குரங்கு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. விளைச்சல் காலத்தில் பரண்மேல் காவல் இருப்பதும் தகரம் தட்டுவதும் பட்டாசு கொளுத்துவதும் வேளாண் வேலையின் ஒரு பகுதி. செலவுக் கணக்கு எழுதும் எந்த அறிக்கையிலும் இந்த இராக்கூலி ஏறுவதில்லை. காந்தலூரில் அண்மை ஆண்டுகளில் யானைகள் ஊருக்குள் தங்கிவிடுவது அதிகமாகியிருக்கிறது. இழப்பீடு உண்டு, விண்ணப்பமும் உண்டு. தொகை வரும்போது அடுத்த பயிர் முடிந்திருக்கும். காவல் இருக்க வீட்டில் இளைஞர் இல்லாதவர்கள் முதலில் கைவிடுவது காட்டோரத்து நிலத்தை. கைவிட்ட நிலத்தில் புதர் மண்டுகிறது, புதர் விலங்குக்கு மறைவாகிறது, அடுத்த வயல் காட்டோரம் ஆகிறது.

சின்னாற்றுக்குள் இருக்கும் முதுவர், மலைப்புலையர் குடிகளில் வேளாண்மை வேறு அளவில் நடக்கிறது. கேழ்வரகு, தினை, அவரை; பணத்துக்கு எலுமிச்சைப்புல் தைலம். புல்லை அறுத்து வந்து எளிய வாலையில் காய்ச்சித் தைலம் இறக்குவது முதுவர்களுக்குப் பல காலமாகக் கைவந்த தொழில். விலங்கு தின்னாத பயிர் என்பதால் காட்டுக்குள் இது பொருந்துகிறது. தாயண்ணன்குடியில் வனத்துறை, வேளாண் துறை உதவியோடு ‘புனர்ஜீவனம்’ என்ற பெயரில் பழைய கேழ்வரகு, சிறுதானிய விதைகளைத் தேடிச் சேர்த்து மறுபடி விதைக்கும் முயற்சி 2010-களின் நடுவில் தொடங்கியது. நியாயவிலைக் கடை அரிசி வந்தபின் மறந்துபோன விதைகளில் கணிசமானவற்றைக் குடியில் இருந்த முதியவர்களே நினைவிலிருந்து பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். சரணாலய எல்லைக்குள் வேளாண்மையும் வனத்துறையும் ஒரே பக்கத்தில் நிற்பது அரிது. இங்கே அது நடந்திருக்கிறது. நிலத்துக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் பாதுகாப்பு இந்தக் குடிகளுக்கு மற்றெந்தத் திட்டத்தையும் விடப் பெரிது.

எல்லாக் கணக்கும் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கிறது. கேரளத்தின் ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு மூன்று மட்டுமே கிழக்கே பாய்கின்றன. ஆனைமுடிப் பக்கம் பிறக்கும் பாம்பாறு மறையூர் வயல்களைத் தாண்டி, தூவானம் அருவியாக விழுந்து, கூட்டாற்றில் சின்னாற்றோடு சேர்ந்து, தமிழ்நாட்டில் அமராவதி ஆகிறது. அமராவதி திருமுக்கூடலூரில் காவிரியைச் சேர்வதால், மறையூரில் ஓடையை மறிப்பதும் காவிரிச் சிக்கலின் ஒரு பகுதியாகிவிடுகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பாம்பாற்றுப் படுகைக்கு 3 டி.எம்.சி. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரித் தீர்ப்பு அதை மாற்றவில்லை. அந்தப் பங்கைப் பயன்படுத்துவதற்காகக் காந்தலூர் அருகே பட்டிசேரியில் பழைய சிறு அணையை உயர்த்திக் கட்டும் பணி 2014-இல் தொடங்கியது. குறித்த காலத்தில் அது முடியவில்லை. அணையில் நீர் நின்றாலும் அது கீழ்ப்படி வயலுக்கு வரப் பழைய வாய்க்கால்களைத் தூர்வாரிச் சீரமைக்க வேண்டும். பல இடங்களில் உழவர்கள் இன்று ஓடையிலிருந்து கறுப்புக் குழாய் இழுத்து, தத்தம் நிலத்துக்குத் தனித்தனியாகக் கொண்டுபோகிறார்கள். முறைவைத்துப் பாய்ச்சிய பொது வாய்க்கால் இருந்த இடத்தில், யார் குழாய் மேலே இருக்கிறது என்பதே இப்போது விதி.

கேரளம் எடுக்காத நீர் முழுவதும் கீழே 1957-இல் கட்டிய அமராவதி அணைக்குப் போகிறது. நான்கு டி.எம்.சி. கொள்ளும் அந்த அணையை நம்பித் திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 55,000 ஏக்கர் பாசனம் நடக்கிறது. வட்டவடைச் சரிவின் தைலமரமும் மறையூர் வயலின் கரும்பும் காந்தலூர் விடுதியின் தண்ணீர்த் தொட்டியும் குடித்தது போக மீதிதான் உடுமலை, தாராபுரம் உழவர்களின் வாய்க்காலுக்கு வருகிறது.